தானாகக் கோத்துக்கொண்டது

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது. நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் இன்று முழங்காலைப் பற்றி எழுதப்போவதில்லை. என் பேத்தி வாண்டு (இருபத்தேழு வயது, மென்பொருள் கம்பெனியில் வேலை, வீட்டில் இன்னமும் வாண்டுதான்) செய்திருக்கிற சிஸ்டத்தை எங்கள் குடியிருப்பிலேயே சோதித்துப் பார்க்கப்போகிறார்கள். தொண்ணூற்றாறு வீட்டிலும்.

"என்னடி செய்யும் அது?"

"யாராவது ஒரு குறைய எழுதினா, அதுக்கு என்னென்ன சேவை வேணும்னு இதுவே தேடும் பாட்டி. எல்லாம் மேகத்துல, அதான் கிளவுட்னு சொல்வாங்களே, அதுல இருக்கு. மேப் ஒருத்தன்கிட்ட, மெசேஜ் ஒருத்தன்கிட்ட, ஆள் அனுப்புறது இன்னொருத்தன்கிட்ட. எல்லாத்தையும் இதுவே கோத்துக்கும். ஒண்ணு படுத்துட்டா வேற ஒண்ண இழுத்துப் போட்டுக்கும். நாம கையே வைக்க வேண்டாம்."

"அப்போ வீட்டுக்கு மூத்த மருமகள்னு சொல்லு."

சிரித்தாள். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. இருபதாம் தேதி மேனேஜர் வாங்குகிறவர்களைக் கூட்டி வருகிறாராம். அன்றைக்கு ஒழுங்காக ஓடினால் இவள் குழு தப்பிக்கும். இல்லையென்றால் கலைத்துவிடுவார்கள். "முதல்ல என்னைத்தான் அனுப்புவாங்க பாட்டி."

ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி மேகத்திடம் வேலை வாங்குகிறாள்! இருட்டுவதற்குள் ஆறு வீட்டில் சொல்லியாயிற்று. ஏழாவது வீட்டில் ஆள் இல்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று ஆரம்பம். 302-ல் "மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது" என்று எழுதினார்கள். சிஸ்டம் யோசித்து, வானிலைச் சேவையைக் கோத்துக்கொண்டு, தொண்ணூற்றாறு வீட்டுக்கும் செய்தி அனுப்பியது: மழை, குடை எடுத்துச் செல்லவும்.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் மட்டும் குடையோடு போனார். பெரிய படிப்பெல்லாம் படித்தவர்.

மார்ச் 9, திங்கள்

லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். "நாலு பேர், கீழே போகணும், அவசரம்" என்று உள்ளேயிருந்தே எழுதியிருக்கிறார்கள். உடனே வாசலில் நாலு பேர் உட்காருகிற டாக்சி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் வாட்ச்மேன் கம்பியை வைத்து நெம்பித்தான் கதவைத் திறந்தார்.

"அது கத்துக்கிட்டிருக்கு பாட்டி" என்கிறாள் வாண்டு. யார் செலவில்?

மார்ச் 11, புதன்

வாண்டு சாப்பிடவில்லை. கேட்டால் "பசிக்கல" என்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'தகவல் தேவை: 302, மேலே நீர்க்கசிவு. காரணம்?' வாண்டுதான் ஆபீஸிலிருந்து கேட்கிறாள் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷமாக இந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கா தெரியாது? ஒற்றை விரலால் எழுதி அனுப்பினேன்: '402 வாஷிங் மெஷின் குழாய். அந்தம்மா நாலு மணிக்குத்தான் வரும். மீசை வைத்த பிளம்பர் வேண்டாம், தரையை உடைப்பான். குள்ளமானவரை அனுப்பு.'

நாலரைக்குக் குள்ளமானவர் வந்தார். சரியாகிவிட்டது.

மார்ச் 14, சனி

நேற்றிலிருந்து பதினேழு கேள்வி. 110-ல் பெல் அடித்தால் திறக்கவில்லையே, ஏன்? (காது கேட்காது, ஜன்னலைத் தட்டணும்.) மாடிச் சாவி எங்கே? (தலைவர் சட்டைப் பையில். தொலைந்துவிட்டது என்பார். நம்பாதே.)

சாயங்காலம் வாண்டு குதித்துக்கொண்டு வந்தாள். "பாட்டி, எல்லாமே சரியா வருது! யாருமே கை வைக்கல. அதுவே எங்கேயோ ஒரு நல்ல சேவையக் கண்டுபிடிச்சு கோத்துக்கிச்சு!" இரண்டு தட்டு சாப்பிட்டாள். மறுபடி ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஏழாவது வீட்டிலும் இன்று ஆள் இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

வாண்டு தலைவலி என்று லீவு. என் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறாள். அவள் போன் மேஜை மேல் சார்ஜில் கிடக்கிறது. அப்போது எனக்குச் செய்தி வருகிறது: 'தகவல் தேவை.'

அப்போ இத்தனை நாள் கேட்டது யார்?

நினைவு வந்துவிட்டது. ஜனவரியில், "ஒரு சோதனைக்கு உன் நம்பரை லிஸ்டில போட்டுக்கறேன் பாட்டி, அப்புறம் எடுத்துடறேன்" என்றாள். எடுக்க மறந்திருக்கிறாள். அந்த யந்திரம் மேகம் பூராவும் தேடி, கடைசியில் என் ஜன்னலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

எழுப்பிச் சொல்லலாமா? சொன்னால் நம்பரை எடுத்துவிடுவாள். எடுத்தால் மறுபடி குடை. மூன்றே நாள். வாயை மூடிக்கொள்.

மார்ச் 18, புதன்

கண் டாக்டரிடம் போகவில்லை. சொட்டு மருந்து விட்டால் பாதி நாள் எழுத்து தெரியாது. மகளுக்குக் கோபம். "ரெண்டு மாசம் காத்திருந்து வாங்கின தேதி. இந்த வயசுல அப்படி என்னம்மா உனக்கு அந்தப் போன்ல?" நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. 215-க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

மணி பதினொன்று ஆகிவிட்டது. ஆனாலும் எழுதணும்.

சங்க ஹாலில் கூட்டம். பெரிய திரை. முன் வரிசையில் நான், மடியில் போன், மேலே முந்தானை. மேனேஜர் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்களில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், "நானே ஒண்ணு எழுதறேன்" என்று எழுதினார்: 'கீழே ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. எந்த வீடு?'

என் மடி அதிர்ந்தது. முந்தானைக்குள்ளேயே எழுதினேன். திரையில் வந்தது: '107. அது அழுகை இல்லை. அந்த வீட்டுப் பெண் வயலின் பழகுகிறாள். ஐந்து மணிக்கு நிற்கும்.'

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து. நின்றது.

கைதட்டல் அடங்கவில்லை. வாண்டு முகத்தைப் பார்க்கணுமே! அந்த அம்மா மட்டும் தட்டவில்லை. "எந்த சேவை இதைச் சொல்லிச்சு?" என்று திரையில் ஒரு இடத்தை அழுத்தினார். பெரிய எழுத்தில் வந்தது: பாட்டி.

ஹாலே திரும்பி என்னைப் பார்த்தது. வாண்டுவும்தான்.

மேனேஜர் எச்சில் விழுங்கினார். ஒரே ஒரு தடவை. "இதுதான் எங்களோட உள்ளூர் அறிவு அடுக்கு. திட்டம் போட்டே வெச்சிருக்கோம்" என்றார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது!

மார்ச் 21, சனி

வாண்டு அழுது தீர்த்துவிட்டாள். "தெரிஞ்சும் ஏன் பாட்டி சொல்லல? ரெண்டு வருஷ உழைப்பு. கடைசியில ஜெயிச்சது நீ. என் சிஸ்டம் தோத்துப்போச்சு."

எனக்கும் பொறுக்கவில்லை. "ஏண்டி தோக்குது? லிஸ்டில எத்தனை பேர் இருந்தாங்க?"

"முன்னூறுக்கு மேல."

"அத்தனை பேர்ல யாருக்கு விஷயம் தெரியும்னு தேடி என்னைப் பிடிச்சது யாரு? நானா போய் நின்னேன்? முப்பத்தொரு வருஷமா இங்கதான் இருக்கேன். ஒரு சங்கத் தலைவராவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்காரா? உன் சிஸ்டம் கேட்டுச்சுடி!"

என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். என் பெயரைச் சோதனை லிஸ்டிலிருந்து எடுத்தாள். நிஜ லிஸ்டில் போட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

வாங்கிவிட்டார்கள். நாற்பது குடியிருப்புக்கு. வாண்டு குழுத் தலைவி. மேனேஜருக்கு ஏதோ விருதாம். உள்ளூர் அறிவு அடுக்கைக் கண்டுபிடித்ததற்கு.

ஏப்ரல் 13, திங்கள்

நாற்பது இடத்திலும் குடை.

ஏப்ரல் 25, சனி

இடத்துக்கு ஒரு ஆள் தேடுகிறார்கள். 'உள்ளூர் அறிவு அலுவலர், பட்டதாரிகள் விண்ணப்பிக்கவும்' என்று மேனேஜர் விளம்பரம் கொடுத்திருக்கிறார். ஆளைப் பார்த்து எடுக்கிற பொறுப்பு வாண்டுவுக்கு. பக்கத்து நாற்காலி எனக்கு.

முதலில் வந்தவள் எம்.ஏ. வழவழப்பான ஃபைல். "உங்க எதிர் வீட்டுல யாரும்மா இருக்காங்க?" என்றேன்.

"நாங்க அப்படியெல்லாம் யாரோடவும் பழகறதில்ல மேடம்" என்றாள் பெருமையாக. அனுப்பிவிட்டோம்.

அடுத்து வந்தவளுக்கு அறுபத்தைந்து இருக்கும். படியேறி வந்த களைப்பு. நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "லிஃப்ட் ஓடாதுன்னு வாசல்ல ஒரு போர்டு வைக்கக்கூடாதா? ஆமா, கீழ 107-ல வயலின் பழகற பொண்ணுக்கு ஜலதோஷமா? நடுநடுவுல தும்முது" என்றாள்.

அவள் இந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. படிப்பு என்ன என்று கேட்கலாமென்று வாண்டு பக்கம் திரும்பினேன்.

அவள் அதற்குள் பெயரை லிஸ்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.