மூன்றாம் மாடியில் கீரை வேகிறது

சிகாகோ
6 டிசம்பர் 1954

அன்புள்ள ஓஸெல்லா அக்காவுக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்தது. பிரிக்கும் முன்பே புகைபோட்ட பன்றிக் கழுத்தெலும்பின் வாசனை கூடம் முழுக்க. அத்தானின் கைவேலை அப்படியே இருக்கிறது.

ஆனால் இனி அனுப்பாதே அக்கா. ரூஃபஸுக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் பதவி உயர்ந்து இந்தக் கட்டடத்துக்கு வந்தோம் அல்லவா, இங்கே குடியிருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் நம் கறுப்பு ஜனங்கள்தான், டாக்டர்களும் வாத்தியார்களும். சங்கத் தலைவி மிசஸ் பெட்டிஃபர்ட் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். "காலர்ட் கீரையும் எலும்பும் கொதிக்கிற வாடை கீழ்மாடி வரைக்கும் வருதும்மா. தெற்கேருந்து நேத்து வந்தவங்கன்னு வெள்ளைக்காரன் சிரிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். ரூஃபஸ் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

சரி என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

உன் வெர்னிட்டா

மிசிசிப்பி
14 டிசம்பர் 1954

என் கண்ணு வெர்னிட்டா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "ரூஃபஸோட மூக்கு எப்போ வடக்கத்தி மூக்காச்சு? உன் தங்கச்சியச் சுத்திச் சுத்தி வந்தப்போ கீரைச் சாறையே மூணு கிண்ணம் குடிச்சானே" என்று கேட்டார். பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

அனுப்பாதே என்கிறாய். இன்னும் நாலு துண்டு எலும்பு அனுப்பியிருக்கிறேன். வேண்டாமென்றால் மிசஸ் பெட்டிஃபர்ட் தலையில் எறி.

ஓஸெல்லா

சிகாகோ
3 ஜனவரி 1955

அன்புள்ள அக்கா,

புத்தாண்டன்று கீரை இல்லாமல் நம் வீட்டில் யாராவது சாப்பிட்டதுண்டா? காலை ஏழு மணிக்கே எலும்பை வேகப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, நடுத்தண்டை உருவி நறுக்கிய கீரையைப் பிடி பிடியாகப் போட்டு, தீயைக் குறைத்து, வாசல் கதவை விரியத் திறந்து வைத்தேன். ஆமாம், வேண்டுமென்றுதான்.

மிசஸ் பெட்டிஃபர்ட் வந்தார். "நாம பேசினது மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. நான் சரின்னு சொன்னதுதான் தப்பு. உக்காருங்க, ஒரு கிண்ணம் தரேன்."

அவர் போன பிறகு ரூஃபஸ் அடுப்பருகே வந்து நின்றார். "அந்தச் சட்டியா, நானா?"

"இன்னும் அரை மணி வேகணும் ரூஃபஸ். இப்ப எடுத்தா கசக்கும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நான் வினிகரும் மிளகாயும் சேர்த்து, சோள ரொட்டியைச் சாற்றில் தோய்த்து, தனியாக இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அழுகை வந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

வெர்னிட்டா

மிசிசிப்பி
11 ஜனவரி 1955

கண்ணு,

நான் எழுதியதெல்லாம் வாய்க்கொழுப்பு. உன் குடும்பம் உடையும் என்று நினைக்கவில்லை. உடனே ரயிலேறி இங்கே வந்துவிடு. பின்னறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

சிகாகோ
20 பிப்ரவரி 1955

அன்புள்ள அக்கா,

உன்மேல் பழி எதுவும் இல்லை. நீ எலும்பு அனுப்பினாய், அடுப்பைப் பற்றவைத்தது நான்.

ரூஃபஸ் போன ஞாயிறு வந்தார். சங்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதத்தை அவரே எழுதி வந்திருந்தார். 'இனி இத்தகைய உணவைச் சமைக்க மாட்டேன்' என்று என் வாயால் சொல்வதுபோல. "கையெழுத்து மட்டும் போடு வெர்னிட்டா. எல்லாம் பழையபடி ஆயிடும்."

"பழையபடி ஆகிடும்னுதான் பயமா இருக்கு."

கடிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். கெட்டவர் இல்லை அக்கா. யாராவது சிரித்துவிடுவார்களோ என்றே வாழ்ந்து பழகிவிட்டார். போகும்போது கண் கலங்கினார். நான் கூப்பிடவில்லை.

ஊருக்கும் வர மாட்டேன். அங்கே வந்தால் மறுபடி வெள்ளைக்காரி வீட்டு வேலைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. முன்வாசல் வழியாகப் போகிறேன். ஒரு அறையும் பார்த்துக் குடிவந்துவிட்டேன், முகவரி உறையின் பின்புறம்.

இனி எழுதும்போது உறையில் மிசஸ் ரூஃபஸ் கெய்ன்ஸ் என்று போடாதே, நம் அப்பாவின் குடும்பப் பெயரையே போடு. இந்தத் தெருத் தபால்காரருக்கு அப்படி யாரையும் தெரியாது.

வெர்னிட்டா டாகெட்