அந்த வருடத்தில் போனவர்கள்

உன் மனைவி நேற்று கொடுத்துவிட்டுப் போன பழுப்பு உறையில் அந்துருண்டை வாசம் அடிக்கிறது. இரண்டு வருடமாகப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாராம். "உங்க அம்மா காரியம் முடிஞ்சப்புறம்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாருண்ணா. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல." நீ இறந்த அன்று தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டவன் நான் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

உள்ளே இருந்த உன் கடிதத்தைப் படித்துவிட்டேன்.

நம் தெரு வாசகசாலையின் பொன்விழா மலர் உனக்கு நினைவிருக்கும். வாசகசாலை தொடங்கிய வருடத்தில் காலமான ஊர்ப் பெரியவர்களைப் பற்றி நீ எழுதுவதாக ஏற்பாடு. சின்னக் காஞ்சிபுரத்து வடமொழிப் பண்டிதர், பெரிய கோயில் நாகஸ்வரக்காரர், திருப்பருத்திக்குன்றத்துச் சமண வாத்தியார் என்று ஏழு பேர். அம்மனுக்குச் சாத்திய பட்டுக்குப் புதுக் கரை வகுத்துக் கொடுத்த என் அப்பா அதில் இல்லை. அவரும் அதே வருடம்தான், எனக்கு நான்கு வயதில், வெளியூரில் காய்ச்சலில் இறந்தார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

"தறிக்காரன்னா இளப்பமா உனக்கு? நீயும் தறிக்காரன் மவன்தானே?" என்று வாசகசாலை வாசலிலேயே கேட்டேன்.

"அதில்லபா. அந்த வருஷத்துல போனவங்கள மட்டும்தான் போட்டுக்கினு இருக்கேன்."

"எங்கப்பா எப்ப போனாருன்னு உன்னக் கேட்டுத்தான் திதி குடுக்கணுமா?"

நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். "என்மேல கோவிச்சுக்கோ, பரவால்ல. அம்மாவப் போயி எதுவும் கேட்டுக்கினு இருக்காத."

எனக்குத் தீங்கு செய்தவர்களை நான் மறப்பதில்லை. துறைத்தலைவர் பதவியைத் தராத கல்லூரி, பாகத்தில் கிணற்றை எடுத்துக்கொண்ட சித்தப்பா. அன்று உன்னையும் அவர்களோடு சேர்த்தேன். அதன் பிறகு பேருந்தில் உன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் ஏனாத்தூர்க் கல்லூரி வரை நின்றுகொண்டே போயிருக்கிறேன்.

மலருக்காக ஒவ்வொரு பெயரையும் நகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் சரிபார்த்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அப்பா பெயர் அந்த வருடத்தில் இல்லை. எந்த ஊரில் இறந்தார் என்று அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாய். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குத் தொழுநோய். அத்தைகள் இருவருக்கும் கல்யாணம் ஆகவேண்டும் என்று அவரைத் தூரத்து மருத்துவமனை ஒன்றில் விட்டுவிட்டு, காய்ச்சலில் போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னார்கள். அம்மா பொட்டை அழித்தாள். அப்பா அங்கே இன்னும் நான்கு வருடம் உயிரோடு இருந்தார்.

நான்கு வருடம். ஐயர் என் விரலில் தர்ப்பையைப் போட்டு, எள்ளை வைத்துத் தண்ணீர் விடச் சொல்வார். விட்டிருக்கிறேன், நான்கு முறை, மூச்சு விட்டுக்கொண்டிருந்தவருக்கு.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். தன் காலம் வரை சொல்லக்கூடாது என்று அம்மா கேட்டாளாம், நீ வாக்குக் கொடுத்தாயாம். என் அப்பாவைப் பற்றி வாக்குக் கொடுக்க நீ யார்? போன மாதம் வரை அவள் என் வீட்டில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு வார்த்தையோடு விட்டிருக்க மாட்டேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசி வரியில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய். "ஒரே ஒரு முறை உன்னை அங்கே அழைத்துப் போனார்களாம். நினைவிருக்கிறதா?"

இருக்கிறது. அப்போது மூன்றாம் வகுப்பு. இரண்டு பேருந்து மாறிப் போனோம். வேப்பமரத்தடியில் ஒருவர் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். தூரத்து மாமா என்றாள் அம்மா. "எத்தினியாவது படிக்கிற?" என்று கேட்டார். "மூணாவது" என்றேன். கிட்ட வராமலே சிரித்தார். வீடு வந்து சேரும்வரை நான் அம்மாவை நச்சரித்தது ஒன்றைத்தான்: அந்த மாமா பின்னால் எனக்கு என்ன ஒளித்து வைத்திருந்தார், ஏன் கொடுக்கவில்லை?