திராட்சைத் தோல் மாத்திரையும் பதினாலாவது படியும்

வீட்டு டாக்டரம்மாவுக்கு (பட்டம் நான் கொடுத்தது),

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். மூன்று மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

நாளுக்கு நாள் தளர்ந்துவரும் என் கால் தசைக்குத் தெம்பு வர நீ வாங்கிவந்த திராட்சைத் தோல் மாத்திரையைப் பற்றிக் கிடைத்த ஆராய்ச்சியெல்லாம் படித்தேன். செல்லுக்குள் சக்தி கூடியது உண்மைதான், எலிக்கு. நான் எலியாகப் பிறந்திருக்கலாம். மனிதர்களிடம் செய்த சோதனைகள் சின்னச் சின்னவை. ஒன்று ஆமாம் என்கிறது, இன்னொன்று கையை விரிக்கிறது.

நானும் காலண்டரில் குறித்துவந்தேன். மாத்திரை போட்ட இரண்டு வாரமும் நம் மாடிப்படியில் பதினாலாவது படியில் கால் மடங்கியது. உனக்குத் தெரியாமல் நிறுத்திய இரண்டு வாரமும் அதே படிதான். இருபதைத் தொட்டது ஒரே நாள், நீ பின்னாலிருந்து திட்டிக்கொண்டே வந்த அன்று. ஒரு நாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, உன் திட்டின் மகிமையையும்தான்.

அதனால்தான் நேற்று, "எல்லாம் சுத்த வேஸ்ட்!" என்று கத்தித் தொலைத்தேன். "அப்ப நான் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டாய்.

கெடுதல் இல்லை என்று நிஜ டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.

பி.கு.: மாற்றுச் சாவி எதிர்வீட்டில்.

இன்னொன்று: எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் மாத்திரையைத் திட்டினேன்.