திண்டிவனம் மேட்சுக்கு ரெண்டு ரூபா

அம்சா,

இன்னைக்காவது நீ வந்துட்டா, சட்டியில கேப்பைக்கூழ் மூடி வச்சிருக்கேன். ரெண்டு பேருக்குத்தான் கரைச்சேன். நான் புட்பால் கிரவுண்டுக்குப் போறேன். இன்னைக்கு கண்டமங்கலம் டீம், டிக்கெட் ஒரு ரூபாதான்.

போன ஞாயித்துக்கிழமை உங்க ஊர் திண்டிவனம் டீம் ஆடினப்போ, கேட்ல நின்னு உங்கப்பாகிட்டயே ரெண்டு ரூபா கேட்டேன். கிளப் செக்ரட்டரி மாமனாரைச் சும்மா உள்ளே விட்டா ஊர் என்ன பேசும்? இருந்தாலும் தப்புதான். மாமாகிட்ட சொல்லிடு.

அடுப்படி ஜன்னலைத் திறக்காதே, பூனை வருது.

இன்னொண்ணு. விலையை ஏத்தினது கமிட்டின்னு உங்கிட்ட சொன்னது பொய். நான்தான் ஏத்தச் சொன்னேன். எவ்வளவு வச்சாலும் திண்டிவனத்துக்காரங்க வருவாங்க, எனக்குத் தெரியும்னு பெருமையா பேசினேன். வந்தாங்க. போகும்போது உன்னையும் கூட்டிக்கினு போயிட்டாங்க.

கண்ணையன்