ஒரு பருவம் பொறுத்த மகளுக்கு

என் செல்ல மகளுக்கு, மூவுலகமும் வணங்கும் உன் சித்தப்பா தன் மின்விசிறி ரிப்பேர் கடையிலிருந்து எழுதுவது. இங்கே உன் அம்மா, அப்பா, நான் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் அப்படியே இருந்தால் எங்கள் சௌக்கியம் இரட்டிப்பு. உன் அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தால் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கிவிடுவார் என்பதால் இந்தப் பொறுப்பை உலக நன்மைக்காக நான் ஏற்றிருக்கிறேன்.

இரண்டாம் பருவ ரிசல்ட்டை நீ போனில் சொன்னதும் உன் அம்மா அழுதாள், சிரித்தாள், அடுப்பை மறந்தாள். கரிந்ததை மூவரும் அமிர்தம் மாதிரி சாப்பிட்டோம். உன் அப்பா வழக்கம்போல "ம்" என்றார், ஆனால் அந்த "ம்" அடுத்த தெருவரை கேட்டது. நம்மூர் சின்னக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நேராக அந்தப் பெரிய கல்லூரியில் மூன்றாம் வருஷத்தில் போய்ச் சேர்ந்தவள் நீ. புதிதாய் வந்தால் முதல் வருஷம்தானே என்று அந்த வகுப்பில் நீ நுழைய, உன் புடவையைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்களாமே, அதை நினைத்து இன்றும் கடையில் தனியாகச் சிரிக்கிறேன். அன்று நீ சிரிக்கவில்லை என்று தெரியும். முதல் பருவத்தில் மார்க் இறங்கியதும், "ஆரம்பத்துல இருந்து இங்கேயே படிக்கிறவங்களோட என்னால ஓட முடியல சித்தப்பா, வந்துடறேன்" என்று நீ அழுதபோது உன் அப்பா உன்னைக் கூட்டிவர டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் உன் துறைத்தலைவி அம்மா உன்னைக் கூப்பிட்டு, "பாதியில வர்றவங்களுக்கு முதல் பருவத்துல மார்க் சறுக்கும்மா, அடுத்ததுல ஏறிடும், வருஷா வருஷம் பாக்குறேன், இன்னும் ஒரு பருவம் பொறு" என்றாராம். அவருக்கு ஒரு கோயிலே கட்டலாம், இடம்தான் கிடைக்கவில்லை. உன் அறைத்தோழி முதல் வருஷத்திலிருந்தே அங்கே படிப்பவள், தன் படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு உன்னைத் தினமும் நூலகத்துக்கு இழுத்துப்போன புண்ணியவதி. இப்போது நீ அவளுக்குச் சமமாக நிற்கிறாய், ஒரு பாடத்தில் அவளையே முந்திவிட்டாய், அதற்கும் அவளே மிட்டாய் வாங்கிக் கொடுத்தாளாமே! அவளுக்கு எங்கள் மூவரின் நன்றியையும் சொல். முடிவெட்டுகிறவரிடம் நீ தங்கப் பதக்கம் வாங்கியதாகச் சொல்லிவைத்தேன். "யோவ், போன வாரம் பதக்கம்னே, இந்த வாரம் துணைவேந்தர்ங்கிறே, தலையை ஆட்டாம உட்காரு" என்கிறார்.

ஒன்று மட்டும் கேள் கண்ணு. உன்னை மாதிரியே பாதியில் இந்த வருஷம் உன் வகுப்பில் சேர்ந்த பெண் ஒருத்தி கடைசி வரிசையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றாயே. பேச்செல்லாம் அப்புறம். நாளைக்குக் காலையில் அவள் பக்கத்தில் போய் உட்கார், உன்னுடைய முதல் பருவ மார்க்கைச் சொல்.

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளி, ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்கே நேராகப் போன் செய், நான் சொன்னால் பாதிதான் நம்புகிறாள்.

உன்னால் தலைக்கனம் ஏறிப்போன
சித்தப்பா