பெரிய டிவியைப் பற்றி நீ கேட்டதும் நான் சொன்னதும்

நேற்றுக் காலை மருமகளின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. போன வாரம் கடையிலிருந்து வந்து இறங்கிய புது டிவி எப்படி இருக்கிறது, உங்கள் கருத்தைச் சொன்னால் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று எழுதி, கீழே ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நாள் முழுக்கப் பார்ப்பது நீங்கள்தானே மாமா, நீங்களே ரெண்டு வரி சொல்லுங்க, நான் அடிச்சு அனுப்புறேன் என்றாள் அவள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், டிவியைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சொல்லி என்னை நீ ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த கதை.

புது டிவி நன்றாகத்தான் இருக்கிறது. சுவரில் காலண்டர் தொங்குகிற மாதிரி தொங்குகிறது. அதற்கு இடம் விடுவதற்காகப் பழைய பெட்டியை நாலு ஆள் வைத்துத் தூக்கிப் போட்டோம். நீ போன பிறகு நான் அதைப் போடவே இல்லை. மடித்த துணியை வைக்கிற மேடையாகத்தான் இத்தனை நாள் நின்றது. இப்போது புதியதில் எந்தப் படம் ஓடினாலும் என் கண் படத்தைப் பார்ப்பதில்லை. திரை நடுவில் ஒரு தலையும் ரெண்டு தோளும் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறது. அப்படித் தேடுகிறவன் எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?

அந்தப் பழைய பெட்டி திருவொற்றியூருக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மணலியில் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன அதிகாரி ஒருவர், இதை இழுத்துக்கொண்டு ஊர் போக முடியாது என்று தள்ளிவிட்டுப் போனார். பீரோவைப் படுக்க வைத்த அளவு. எங்கள் சந்துக்குள் நுழையாமல், வாசல் நிலையில் இடித்து, கதவைக் கழற்றித்தான் உள்ளே விட்டோம். நீதான் முன்பக்கம் பிடித்தாய். உள்ளே மூன்று குழல், சிவப்பு, பச்சை, நீலம் என்று. ஒரு பெரிய கண்ணாடி வழியாகப் பின்னாலிருந்து திரை மேல் வெளிச்சத்தை அடிக்கும். அன்று முதல் எங்கள் வீடு பெரிய டிவி வூடு. கிரிக்கெட் நாளில் செருப்பு விட வாசலில் இடம் இருக்காது.

அப்போது எனக்கு வந்த திமிரை இப்போது நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது. இந்த மாதிரிப் பெட்டி வாங்க நினைத்தவன் எல்லாம் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனான். தண்டையார்பேட்டையிலிருந்துகூட வந்தார்கள். நான் காலை மடக்கி உட்கார்ந்து பெரிய இன்ஜினியர் மாதிரி பதில் சொல்வேன். பகலில் ஜன்னலைச் சாத்தாவிட்டால் படம் வெளிறும் என்பேன். பக்கவாட்டில் உட்கார்ந்தால் திரை இருட்டாகத் தெரியும், நேராக உட்கார வேண்டும் என்பேன். இவற்றைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பெரிய பொருளுக்குப் பெரிய பவிசு என்று பெருமையாகவே இருந்தது.

சொல்லாதது ஒன்றுதான். ஒரே படம் அசையாமல் நெடுநேரம் நின்றால் அது திரையில் அச்சாக விழுந்துவிடும். அப்புறம் எதைப் போட்டாலும் அதன் நிழல் போகாது. என் பெட்டியில் ராப்பகலாக ஓடிய சேனலின் முத்திரை வலது மேல் மூலையில் அப்படி விழுந்திருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். குழலே வெந்துபோச்சு, மாற்றினால்தான் உண்டு என்று கையை விரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? யாராவது பார்க்க வந்தால் சட்டென்று அதே சேனலை வைத்துவிடுவேன். உண்மையான முத்திரை தழும்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். வந்தவன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவான்.

நாம் ரெண்டு பேரும் பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர்கள். ஷிப்ட் மாறும்போது வண்டியைக் கை மாற்றுகிறவன் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் வண்டியின் குறையைச் சொல்ல வேண்டும் என்பது எந்தக் கம்பெனியும் எழுதி வைக்காத சட்டம். பிரேக் இழுக்குது, வால்வு கசியுது, மூணாவது கியர் எகிறுது. சொல்லாமல் சாவி கொடுத்தவனோடு அப்புறம் எவனும் டீ குடிக்க மாட்டான். பின்னால் இருப்பது தண்ணீர் அல்லவே. பதினாறு வருஷம் நீ எனக்குச் சாவி கொடுத்தாய், நான் உனக்குக் கொடுத்தேன். ஒரு நாள்கூட நீ நான் சொன்னதைச் சரிபார்க்கக் குனிந்ததில்லை.

அந்த நம்பிக்கையோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் சம்சாரத்தை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. உங்கள் சின்ன டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தும் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரில் மாட்டுகிற டிவி வர ஆரம்பித்ததும் வண்ணாரப்பேட்டையில் ஒருவர் இந்தப் பெரிய பெட்டிகளைச் சல்லிசாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வாங்கலாமா என்று கேட்க வந்தீர்கள். நீங்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே நான் சேனலை மாற்றிவிட்டேன்.

தங்கச்சியை நடுவில் உட்கார வைத்தோம். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"உள்ளத சொல்லு மாமு. இதுல இன்னா குறை கீது?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல. கண்ண மூடிகினு வாங்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் பெருமை பேசிவிட்டு, உன் முன்னால் மட்டும் ஏமாந்த சோணகிரியாக நிற்க மனசு வரவில்லை. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தாலாவது தேவலை.

சடையங்குப்பத்தில் உன் வீட்டுக்குப் பெட்டி போனது. தங்கச்சிக்கு அது உண்மையிலேயே பயன்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்பதாண்ணே மனுஷாளுங்க மூஞ்சி தெரியுது என்று என்னைப் பார்க்கிற போதெல்லாம் சொல்வாள். ரெண்டு வருஷம் நன்றாகப் பார்த்தாள். பிறகு கால் புண் ஆறாமல், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்து, போய்விட்டாள்.

அவள் போன பிறகு நீ மகள் செல்வியின் கல்யாண வீடியோவைத்தான் போட்டுக்கொண்டிருந்தாய். அதில் ஒரு இடம். மேடை ஓரத்தில் தங்கச்சி மஞ்சள் சேலையில் நின்று யாரையோ பார்த்துச் சிரிப்பாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாய். பீடி பிடிப்பாய். அப்படியே தூங்கிவிடுவாய். தினமும், மாசக்கணக்கில். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். திரைக்குப் பின்னால் என்ன வெந்துகொண்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வருஷ மழை தொடங்குவதற்கு முன்னால் செல்வி என்னைத் தேடி வந்தாள். வள்ளூரில் அவள் வீட்டு மாடிப் பகுதியை உனக்கென்று ஒழித்து வைத்திருந்தாள். எவ்வளவு கூப்பிட்டும் நீ அசையவில்லை என்றாள். ஐப்பசி வந்தால் உன் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே. "அம்மா அந்த வூட்லதான் கீதாம் மாமா. அத்த வுட்டுட்டு வர மாட்டேன்னு சொல்லுது. நீங்க சொன்னா கேக்கும்" என்று கண் கலங்கிச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த அமாவாசைக்கு நீயே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாய். உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜன்னலில் கோணி தொங்கியது. தங்கச்சியின் போட்டோ அலமாரியில் சும்மா கிடந்தது. வாழை இலையில் சோறு, வடை, அமாவாசை என்றும் பாராமல் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, எல்லாவற்றையும் டிவிக்கு முன்னால் படைத்திருந்தாய். பெட்டியின் மேல் கதம்பம் தொங்கியது. கற்பூரம் காட்டிய கையோடு நீ ஏதோ செய்திச் சேனலை வைத்தாய்.

"நேரா குந்து மாமு. செய்திய பாக்காத, நடுவுல பாரு. தெர்தா?"

தெரிந்தது. செய்தி வாசிக்கிறவர் மேல், ஓடுகிற எழுத்தின் மேல், ஒரு தலையும் தோளும் மங்கலாக நின்றன. முகம் இல்லை. கொஞ்சம் சாய்ந்த கழுத்து மட்டும் அப்படியே தங்கச்சிதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காரணம் தெரிந்த எனக்கே அப்படி என்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ வரிசையாகச் சேனலை மாற்றிக்கொண்டே போனாய். பாட்டில் நின்றாள், கிரிக்கெட்டில் நின்றாள், சோப்பு விளம்பரத்தில் நின்றாள். உன் முகத்தில் அவள் போனதற்குப் பிறகு நான் பார்க்காத ஒரு தெளிவு.

பிறகு கேட்டாய். சந்தேகத்தோடு இல்லை, குழந்தை கேட்கிற மாதிரி.

"உன் பொட்டில இந்த மாரி எதுனா வந்துக்கீதா?"

கேட்டவன் கண் என் மேலேயே இருந்தது. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வரும்டா, என் பெட்டி மூலையில் எட்டு வருஷமாக இருக்குது, இது குழல் வெந்த தழும்பு, நீ மகள் வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தால் நீ அன்று என்னை அடித்திருப்பாய். ஒரு வாரம் அழுதிருப்பாய். பிறகு போயிருப்பாய். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்லியே. என் பொட்டில அப்டி ஒண்ணும் வந்ததில்ல."

நீ தலையை ஆட்டினாய். உன் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பொய் வெளியே வந்துவிடுமே என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று அந்த இலையில் போட்ட சோற்றை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வள்ளூரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த வருஷம் மழை நிற்காமல் கொட்டியது. உன் தெருவுக்குப் படகு வந்து எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனது. பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும், ரெண்டு ஆள் இருந்தால்கூடப் போதும் என்று நீ படகில் இருந்தவர்களிடம் கெஞ்சியதாக உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். உயிரைக் காப்பாற்ற வந்தவர்கள் டிவியையா தூக்குவார்கள்? நீ ஏற மறுத்துவிட்டாய். செங்கல்லை அடுக்கி, அடுக்கி, பெட்டியை ஒவ்வொரு முனையாக நெம்பி நீயே உயர்த்தியிருக்கிறாய். ரெண்டு நாள், இடுப்பளவுத் தண்ணீரில், எண்ணெய் மிதக்கிற அந்தக் கருப்புத் தண்ணீரில் நின்றிருக்கிறாய். நான் வந்து சேர்ந்தபோது உனக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. காலில் ஏதோ கிழித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் பெட்டிக்குள் தண்ணீர் போயிற்றா என்றுதான் கேட்டாய். போகவில்லை என்றேன். சேற்றுக் கோடு பாதித் திரைக்கு மேல் ஏறியிருந்ததை நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பொய்யில் அது மூன்றாவது. அது ஒன்றுக்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை. ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று எனக்குத் தாங்கவில்லை. செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது அம்மா இல்லை, பெட்டியின் குறை, எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் இந்த மடலை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அது படம் வெந்த தழும்பு என்று தன் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் ஒருவரிடம் விசாரித்துவிட்டு வந்து, அந்த அமாவாசைக்கு அப்புறம், மழைக்கு முன்னாலேயே உன்னிடம் எடுத்துச் சொன்னாராம். துணிமணி வைக்க ஆணியில் தொங்கிய பையைக்கூட எடுத்தாயாம். பிறகு திரும்ப மாட்டிவிட்டாயாம்.

"அப்பா இன்னா சொல்ச்சி தெரியுமா மாமா? 'நானும் அப்டிதான் நென்ச்சேன். அதான் அவன கூப்ட்டு கேட்டேன். அவன் பொட்டில வர்லியாம். அவன் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்'னுச்சி."

என்னைப் பற்றி அதைவிட நல்ல வார்த்தை இதுவரை எவனும் சொன்னதில்லை. அதை நம்பித்தான் நீ பையைத் திரும்ப மாட்டினாய்.