மடித்துக் கட்டிய வயர்

ஆயுதபூஜை வருகிறது, வீட்டில் உள்ளதையெல்லாம் துடைத்து வை என்று அம்மா இரண்டு நாளாக விரட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் டிவிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரை, நீ பார்ட் பார்ட்டாக வாங்கிவந்து பூட்டிக் கொடுத்த அதே பெட்டியை, இன்று காலை திறந்தேன். நீ போன பிறகு அதைத் திறப்பது இதுதான் முதல் முறை. பக்கத் தகட்டைக் கழற்றியபோது தூசி வாசனைதான் வந்தது. முன்பக்க மூடியை இழுத்ததும் அதற்குள்ளிருந்து லேசாகச் சந்தன வாசனை அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை ஒன்றும் வரவில்லை. உன் விஷயத்தில் எனக்கு அது வந்ததே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு நீ திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தாய், நான் விழுப்புரத்தில் வாத்தியார் ஆனேன். மூட்டுவலி வந்து அம்மா சினிமாவுக்குப் போவதை நிறுத்தியபோது அவளை விட நீதான் அதிகம் வருத்தப்பட்டாய். "தியேட்டரையே ஊட்டுக்குக் கொண்டாந்துர்றேம்மா" என்றாய், சொன்னபடி செய்தாய். கூடத்தின் மூலைக்கொரு ஸ்பீக்கர், கையில் ஒரு ரிமோட், பெட்டி நிறையப் பழைய படங்கள். அம்மா கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு ராணி மாதிரி படம் பார்த்தாள்.

அந்த வருஷ ஆயுதபூஜைக்கு நீயும் வந்திருந்தாய். அம்மா சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து தையல் மிஷினுக்கு, அரிவாள்மனைக்கு, என் சைக்கிளுக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டருக்கு வந்ததும் முன்னால் இருந்த பெரிய பட்டனுக்கு ஒன்று, அதன் கீழே இருந்த சின்னப் பட்டனுக்கு ஒன்று என்று தாராளமாக அப்பினாள். நீ சட்டைப்பையிலிருந்து உன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாய். உங்க சாமி கோபித்துக்கொள்ளாதா என்று அவள் கேட்டாள். அதெல்லாம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் பொரியைக் கொடுங்கள் என்று அவளைச் சிரிக்கவைத்தாய்.

அடைமழைக் காலத்தில் தொல்லை தொடங்கியது. படம் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரை கறுத்து, பெட்டி தானாக நின்று, முதலிலிருந்து கிளம்பும். ஒரு நாளைக்கு மூன்று முறை, அப்புறம் நான்கு நாள் ஒன்றுமே இருக்காது. சூடாகிறதா, மெமரியா, கரன்ட் சரியாக வரவில்லையா, மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்றாய். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வருவாய். ஃபேனைத் துடைத்தாய். மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாய். எப்போதெல்லாம் நிற்கிறது என்று எழுதி வைக்கும்படி அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாய். அவள் நேரத்தோடு "கதாநாயகி கிணற்றடியில் அழும்போது நின்றது" என்றும் எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்து நீ சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் என் மாமனார் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மகளின் காதுகுத்து வீடியோவைப் போட்டேன். மூன்று முறை நின்றது. மைத்துனன் ஏதோ சொல்லிச் சிரித்தான். எல்லோர் முன்னாலும் உனக்குப் போன் போட்டேன்.

"எவனோ கழட்டிப் போட்ட பழைய சாமான எங்க தலையில கட்டிட்டியாடா?"

நீ "ஞாயித்துக்கெழம வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய்.

வந்தாய். நான் விடைத்தாள் திருத்துகிற சாக்கில் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நீ நோட்டைப் புரட்டிவிட்டு, நிற்கிற நேரமெல்லாம் கூடம் பெருக்கித் துடைக்கிற நேரமா என்று அம்மாவிடம் கேட்டாய். ஆமாம், அந்தப் பெட்டியையும் அப்போதுதான் துடைப்பேன் என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் என் முதுகுக்குப் பின்னால் நீ ஸ்க்ரூ கழற்றி மாட்டும் சத்தம் கேட்டது. கடைசியில் அம்மாவிடம்தான் சொன்னாய், என்னிடம் இல்லை.

"பவர் சப்ளைதாம்மா கெட்டுப்போச்சு. நான் போட்டதுதான் சரியில்ல. மாத்திட்டேன், இனிமே நிக்காது."

பார்த்துப் போடக்கூடாதா என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அம்மா சாப்பிடச் சொன்னாள், நீ உட்காரவில்லை. வேகவைத்த மல்லாட்டைக் கடலையைப் பையில் போட்டுக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு போனாய். அதன் பிறகு பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நானும் உனக்குப் போன் செய்யவில்லை.

இரண்டு வருஷம் கழித்து உன் கடையிலிருந்து போன் வந்தது. வேலை செய்துகொண்டிருந்த நீ நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். திண்டிவனம் வந்தேன். கல்லறையில் வரிசையில் நின்று ஒரு பிடி மண் போட்டேன். கையைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று சாயங்காலமே மிச்சமிருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்தேன். மதிப்பெண் கூட்டியதில் ஒரு பிழைகூட இல்லை.

இன்று பெட்டிக்குள் பவர் சப்ளையைப் பார்த்தேன். அதன்மேல் உன் கடை ஸ்டிக்கர், உன் கையெழுத்தில் நீ முதன்முதலில் பூட்டிய நாள். நீ எதையும் மாற்றவில்லை. முன்பக்க மூடியைத் திருப்பினேன். சின்னப் பட்டன், அழுத்தினால் பெட்டியை நிறுத்தி முதலிலிருந்து கிளப்பும் அந்த ரீசெட் பட்டன், இறுகிப்போன சந்தனத்தில் சிக்கிப் பாதி உள்ளே போய் நின்றிருந்தது. அதிலிருந்து வரும் வயரைப் போர்டிலிருந்து கழற்றி, மடித்து, கறுப்பு டேப் சுற்றிக் கட்டியிருந்தாய். அதில் ஒரு துண்டுச் சீட்டு: "மாட்ட வேண்டாம்."

நான் மாட்டிப் பார்த்தேன். படத்தைப் போட்டுவிட்டுத் துணியால் பெட்டியைத் துடைத்தேன். திரை கறுத்தது, முதலிலிருந்து கிளம்பியது. இன்னொரு முறையும் அப்படியே. கழற்றிவிட்டேன். எவ்வளவு துடைத்தும் நிற்கவில்லை.

ஊக்கு எடுத்துச் சுரண்டினால் ஐந்து நிமிஷ வேலை. அதை ஏன் செய்யவில்லை என்று காலை முழுக்க யோசித்தேன். சுரண்டியிருந்தால் அடுத்த வருஷம் அம்மா மறுபடியும் அப்பியிருப்பாள். வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால், தன் கையால்தான் கெட்டது என்று அவள் நொந்துபோயிருப்பாள். பொட்டு இருக்கட்டும் என்று வயரைக் கழற்றிவிட்டுப் பழியை நீ எடுத்துக்கொண்டாய். என் முதுகைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறாய். நான் கேட்டது தப்புடா. கேட்டிருக்கவே கூடாது. இதை எழுதும்போதும் நெஞ்சு மரத்துப்போய்த்தான் கிடக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று சொல்வதை இந்த வருஷமும் சொன்னாள்.

"நல்ல புள்ள. தெரியாம ஒரே ஒரு கெட்ட சாமானப் போட்டுட்டான், பாவம்."

அப்படி இல்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் குனிய முடியாமல் ஒரு கையை என் தோளில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் பெரிய பட்டனுக்கு வைத்தாள். சின்னதுக்கு வைக்கப் போகும்போது, அழுத்தினால் ஏதாவது ஆகிவிடுமா என்று என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா. நல்லா அழுத்தியே வை" என்றேன்.